காமாலைக் கண் யாருடையது?

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் என் ஆய்வுத் திட்டத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கழிவுநீர்த் தொழிலாளர்களிடையே வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி எப்படிப் பரவுகிறது என்பது தலைப்பு. நம் ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லும் நோய்தான். என் வினாநிரலில் 'சாதி' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் மைக்கை வாங்கினார். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சாதியாகவே தெரிகிறது. வைரஸுக்குச் சாதி தெரியுமா? காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வழிகாட்டி பக்கத்தில் இருந்தார், கையெழுத்துகள் பாக்கி இருந்தன. ஆய்வு மாணவனின் வீரம் அவ்வளவுதான்.

அன்று சொல்லாமல் விழுங்கிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழமொழியே மருத்துவப்படி தவறு. காமாலை வந்தவருக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. அவருடைய கண்தான் எதிரில் நிற்பவருக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ரத்தத்தில் பிலிரூபின் கூடும்போது வெள்ளைவிழி மஞ்சளாகிறது, பார்வைக்கு ஒன்றும் ஆவதில்லை. நோயாளி சரியாகத்தான் பார்க்கிறார். அவர் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டியவர்கள்தான் பார்க்காமல் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

ஒரு எண்ணும் இருபது ஆண்டு மௌனமும்

2003ஆம் ஆண்டு புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வித்யா அரண்கல்லேயின் குழு செய்த ஆய்வு. கல்லீரல் அழற்சி வைரஸ்கள் இந்தியாவில் யாரிடம், எந்த வயதில், எந்த வழியில் பரவுகின்றன என்பதைப் பல்லாண்டுக் காலம் ஆராய்ந்தவர் அவர். அந்தக் கட்டுரையில் கழிவுநீர்த் தொழிலாளர்களின் ரத்தத்தையும், அந்த வேலை செய்யாத மற்றவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். ஹெபடைட்டிஸ் இ வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் கழிவுநீர்த் தொழிலாளர்களில் 56.5 விழுக்காட்டினரிடம் இருந்தது. மற்றவர்களிடம் 18.9 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு.

ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்றால் அந்த வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்து போயிருக்கிறது என்று பொருள். எல்லோரும் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள் என்று பொருள் அல்ல. பலருக்கு அது காய்ச்சல், வாந்தி, அசதி என்று கடந்திருக்கும். சிலருக்குக் காமாலையாக வந்திருக்கும். இன்னும் சிலர் ரத்தம் எடுக்கும் நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம். இறந்தவரின் ரத்தம் எந்த மாதிரியிலும் சேர்வதில்லை.

அதே ஆய்வில் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸையும் பார்த்தார்கள். அதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. காரணம் எளிது. ஏ வகையும் மலத்திலிருந்து வாய்க்குப் போகும் வைரஸ்தான். ஆனால் அந்தத் தலைமுறை இந்தியர்கள் அநேகமாக அனைவருக்கும் சிறு வயதிலேயே அது வந்து போயிருந்தது. இ வகை அப்படி அல்ல. பெரும்பாலும் வளர்ந்தவர்களைத்தான் பிடிக்கிறது. வளர்ந்தபின் மலநீரில் யார் நிற்கிறார்கள் என்பதை ஏ காட்டிக்கொடுக்காது, இ காட்டிக்கொடுத்துவிடும். ஆக, இந்த வைரஸ் ஒரு சாட்சி. சாட்சி சொல்லி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் நகராட்சிகளில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்?

அரண்கல்லேயைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தொழிலாளியின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அரசு ஆய்வகத்துக்குத் தோன்றியதே பெரிது. அந்த எண்ணை வைத்து நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

டெல்லி குடித்த தண்ணீர்

ஹெபடைட்டிஸ் இ வைரஸின் வரலாறே இந்தியச் சாக்கடையில்தான் தொடங்குகிறது. 1955 நவம்பரில் யமுனை ஆற்றின் ஓட்டம் மாறியது. நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் பின்னோக்கி ஏறி, வசீராபாத்தில் டெல்லிக்குக் குடிநீர் இறைக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் நகரம் மஞ்சளானது. ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை. விசுவநாதன் என்ற மருத்துவர் அதை விரிவாக ஆராய்ந்து 1957இல் அறிக்கை வெளியிட்டார். நோய்ப் பரவலியல் படிக்கும் ஒவ்வொருவரும் கட்டாயம் படிக்கும் அறிக்கை அது. ஏ வகை என்றே அன்று நினைத்தார்கள். சேமித்து வைத்த ரத்த மாதிரிகளை 1980இல் மறுபடி சோதித்தபோது ஏயும் இல்லை, பியும் இல்லை என்று தெரிந்தது. அதுதான் பின்னாளில் இ என்று பெயர் பெற்றது.

எங்கள் வகுப்பில் இந்த டெல்லிக் கதையை நடத்தும்போது ஆற்றின் வரைபடம் காட்டினார்கள், வாரவாரியான நோயாளிகளின் வரைபடம் காட்டினார்கள். அந்தக் கால்வாய்களையும் மலக்கூடைகளையும் கையாண்டவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னர் வேறொரு புத்தகத்தில்தான் அடுத்த செய்தி கிடைத்தது. அறிக்கை வெளிவந்த அதே 1957ஆம் ஆண்டு, ஜூலை மாதம், டெல்லியின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 31 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. பூப் சிங் என்பவர் கொல்லப்பட்டார். அந்த நாளைத் துப்புரவுத் தொழிலாளர் நாளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

நகரம் தன் மலத்தைத் தானே குடித்துப் படுத்தபோது அதை ஆராய ஆணையம், அறிக்கை, பாராட்டு. அதே மலத்தை நாள்தோறும் சுமந்தவர் கூலி கேட்டபோது துப்பாக்கிக் குண்டு. இரண்டும் ஒரே நகரத்தில், ஒன்றரை ஆண்டு இடைவெளியில் நடந்தவை. ஒன்று மருத்துவப் பாடநூலில் இருக்கிறது. மற்றது இல்லை.

காஷ்மீரில் கேட்கப்பட்ட கேள்வி

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கும் இதே நோயிலிருந்து உதாரணம் சொல்கிறேன். 1978 நவம்பர் முதல் 1979 ஏப்ரல் வரை காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் காமாலை பரவியது. முகமது சுல்தான் குரூ என்ற இளம் மருத்துவர் கிராமம் கிராமமாகப் போனார். ஒரே நீராதாரத்தை நம்பியிருந்த 16 கிராமங்களில் 16,620 பேரில் 275 பேருக்கு நோய் என்று கணக்கெடுத்தார். ரத்தத்தைச் சோதித்தார், ஏயும் இல்லை, பியும் இல்லை. இது புது வைரஸ் என்று 1980இல் எழுதினார். அப்போது பெரிய ஆய்வகம் எதுவும் அவர் கையில் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்விகள்தான் இருந்தன.

அவர் கேட்டவற்றில் முக்கியமானது, 'யார் சாகிறார்கள்?' என்பது. விடை: கர்ப்பிணிகள். அவருடைய 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி கர்ப்பிணிகளில் 17.3 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. கர்ப்பம் இல்லாத பெண்களில் 2.1 விழுக்காடுதான். நோய் வந்த கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது. இன்றும் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இந்த நோய் வந்தால் 20 முதல் 25 விழுக்காடு வரை இறப்பு நேரலாம் என்கிறது.

இப்போது புனே எண்ணையும் காஷ்மீர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மலத்தோடு வேலை செய்பவருக்கு வைரஸ் வரும் வாய்ப்பு பல மடங்கு. கர்ப்பிணிக்கு வந்தால் சாகும் வாய்ப்பு பல மடங்கு. இந்நாட்டில் உலர் கழிப்பறைகளில் மலம் அள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயிற்றில் பிள்ளையோடு கூடை சுமந்த பெண்கள். அவர்களில் எத்தனை பேர் காமாலையில் செத்தார்கள்? பிரசவ மரணக் கணக்கில் தேடினால் 'கல்லீரல் செயலிழப்பு' என்று இருக்கும். தொழில் இருக்காது. தொழில் இருந்தால் 'கூலி' என்று இருக்கும்.

வைரஸுக்குச் சாதி தெரியாதுதான்

பேராசிரியர் சொன்னது சரி. வைரஸுக்குச் சாதி தெரியாது. அது மலத்தில் இருக்கிறது, வாய்க்குப் போகிறது, கல்லீரலைப் பிடிக்கிறது. அந்த மலத்தில் யாருடைய கை இருக்க வேண்டும் என்பதை வைரஸ் முடிவு செய்யவில்லை, இந்தச் சமூகம் முடிவு செய்தது. 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தது. கையால் மலம் அள்ளுவோர் என்று அடையாளம் காணப்பட்டவர்களில் 43,797 பேரின் சாதி விவரம் அரசிடம் இருந்தது. அதில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97. கல்லூரி வாசலில் இட ஒதுக்கீட்டைத் 'தகுதிக்கு எதிரி' என்று திட்டுபவர்கள் இந்த 97 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

'அது சாதி இல்லை, தொழில். தொழிலை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாதா?' என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்யும் மனிதரைப் பிரித்து வைப்பது வேறு என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். எங்கள் துறையின் மொழியிலும் சொல்கிறேன். புள்ளியியலில் ஒரு காரணியின் விளைவை அறிய மற்றக் காரணிகளைச் சமன் செய்து கழிப்பார்கள். சாதிதான் ஒருவரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது, சாக்கடைதான் நோயைத் தருகிறது. இதில் தொழில் என்பது நடுவில் இருக்கும் படி. அந்தப் படியைக் கழித்துவிட்டு, 'பாருங்கள், இப்போது சாதிக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை' என்று சொல்வது, துப்பாக்கிக் குண்டைக் கழித்துவிட்டால் சுட்டவனுக்கும் செத்தவனுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்வதற்குச் சமம். முதலாண்டு மாணவன் செய்தால் மதிப்பெண் குறைப்பார்கள். சாதி விஷயத்தில் மட்டும் இது நடுநிலை ஆகிவிடுகிறது.

கட்டம் இல்லாத அளவுகோல்

அந்தக் கருத்தரங்கு முடிந்து என் குழு கூடியபோது ஓர் உறுப்பினர் சமாதானம் சொன்னார்: "சாதிக் கட்டத்தை எடுத்துவிட்டுக் குப்புசாமி அளவுகோலைப் போட்டுவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்."

குப்புசாமி அளவுகோல் என்பது நகரக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க 1976 முதல் நம் மருத்துவ ஆய்வுகளில் புழங்கும் கருவி. குடும்பத் தலைவரின் படிப்பு, வேலை, குடும்ப வருமானம், மூன்றே கேள்வி. சாதி கிடையாது. கிராமங்களுக்கு வேறொரு அளவுகோல் உண்டு. உதய் பரீக்கும் திரிவேதியும் 1964இல் உருவாக்கியது. அதில் சாதி இருக்கிறது. பட்டியல் சாதிக்கு ஒரு மதிப்பெண், ஆதிக்கச் சாதிக்கு ஆறு மதிப்பெண்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்திய அறிவுலகத்தின் மனம் புரிந்துவிடும். சாதி கிராமத்தில் இருக்கிறது, நகரத்துக்குப் பஸ் ஏறினால் இறங்கிப் போய்விடுகிறது. ஆனால் இந்த நோயின் பெரும் பரவல்கள் டெல்லி போன்ற நகரங்களில்தானே நடந்தன? நிலத்தடிச் சாக்கடை நகரத்தில்தானே இருக்கிறது? அதற்குள் இறங்குபவரைப் பிடித்து வருவது எந்தக் கணினி? குப்புசாமி அளவுகோலில் நிரந்தர வேலையில் உள்ள ஒரு கழிவுநீர்த் தொழிலாளியும் ஒரு குடோன் காவலாளியும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். ஒருவர் மலநீரில் மார்பளவு நிற்கிறார், இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அளவுகோலுக்கு இருவரும் ஒன்று. அளக்காத ஒன்றை 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு வசதி!

'எண்ணினால் இழிவு வராதா?'

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஓர் இயக்கத் தோழர் கேட்டார்: "தம்பி, இன்ன சாதிக்காரங்க ரத்தத்துல வைரஸ் இருக்குன்னு எழுதிட்டா, ஏற்கெனவே தனி டம்ளர் வைக்கிறவன் இனி அதுக்கு விஞ்ஞானக் காரணம் சொல்வானே?"

நியாயமான அச்சம். தீட்டு என்ற சொல்லுக்குக் கிருமி என்ற புதுப் பெயர் சூட்டுவது இங்கே பழைய வழக்கம். அதற்கு என் பதில் இரண்டு.

ஒன்று, எண்ணாமல் விட்டதால் தனி டம்ளர் போய்விடவில்லை. இழிவு எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. எண் இல்லாததால் நமக்குக் கிடைக்காமல் போனது மருந்தும் இழப்பீடும் மட்டும்தான்.

இரண்டு, சரியான அறிவியல் தீட்டுக்கு உதவாது, அதை உடைக்கும். பன்றி உதாரணத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஹெபடைட்டிஸ் இ பெரும்பாலும் சரியாக வேகாத பன்றி இறைச்சியிலிருந்து வருகிறது, அது மூன்றாம் மரபணு வகை. இதைக் கேட்டதும் நம் ஊர்ச் சைவப் பெருமக்களுக்கு உற்சாகம் பிறக்கும். பன்றி வளர்ப்பவர்கள், பன்றி உண்பவர்கள் என்று விரல் நீட்டத் தோன்றும். ஆனால் அதே அரண்கல்லே குழு 2002இல் மேற்கு இந்தியாவில் மனிதரிடம் கிடைத்த வைரஸையும் பன்றிகளிடம் கிடைத்ததையும் ஒப்பிட்டது. மனிதரிடம் இருந்தது முதலாம் வகை. பன்றியிடம் இருந்தது நான்காம் வகை. இரண்டும் வேறு வேறு. அதாவது இங்கே பெரும் காமாலைப் பரவல்களைக் கொண்டுவருவது பன்றியும் அல்ல, அதை உண்பவரும் அல்ல. குடிநீரில் கலக்கும் மனித மலம். அந்த மலத்தில் அக்கிரகாரத்தின் பங்கும் உண்டு, அடுக்குமாடியின் பங்கும் உண்டு. கழிவுநீர்த் தொழிலாளி நோயைப் பரப்புபவர் அல்லர். ஊரார் எல்லோரின் நோயையும் ஊருக்கு முன்னால் தன் உடம்பில் வாங்கிக்கொள்பவர்.

குழிக்குள் செத்தால் ஒரு கணக்கு, வீட்டில் செத்தால்?

இந்த விவாதத்தில் இழப்பது யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் முறையியல் சண்டை ஆகிவிடும்.

சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது 30 லட்சம் ஆனது. போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அந்தக் கணக்கு குழிக்குள் விஷவாயுவில் விழுந்து செத்தவரின் கணக்கு. அதே குழியில் கிருமியை வாங்கிக்கொண்டு வீடு வந்து, இருபதாம் நாளோ நாற்பதாம் நாளோ கண் மஞ்சளாகி, அரசு மருத்துவமனைக் கட்டிலில் செத்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

களப்பணியில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். கணவர் கான்ட்ராக்டில் அடைப்பு எடுக்கும் வேலை பார்த்தவர். காமாலையில் இறந்தார். ஒப்பந்ததாரர் சொன்ன ஒரே வாக்கியம்: "குடிச்சுக் குடிச்சுச் செத்தான்." அக்கா என்னிடம் சொன்னார்: "அவரு குடிப்பாருதான் தம்பி. குடிக்காம அந்த நாத்தத்துல எறங்க முடியுமா? ஆனா கண்ணு மஞ்சளானப்ப எதனாலன்னு ஒரு டெஸ்ட்டு எடுத்தாங்களா? குடிகாரன்னு சொல்லிட்டா டெஸ்ட்டு வேணாம்ல?"

அவர் கணவர் எதனால் இறந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. ஒரு சின்ன ரத்தச் சோதனை அன்று செய்திருந்தால் தெரிந்திருக்கும். 'குடி' என்ற சொல் நம் மக்களின் மரணச் சான்றிதழில் எத்தனை கேள்விகளை முடித்து வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டிருந்தது. முதல் இனமே தொற்றுநோய்கள்தான். மருத்துவமனை, ஆய்வகம், கால்நடை தொடர்பான வேலைகளைச் சொல்லிவிட்டு, 'தொற்று அபாயம் குறிப்பாக உள்ள பிற வேலைகள்' என்றும் சேர்த்திருந்தது. உலகில் மலக்குழியைவிடத் தொற்று அபாயம் உள்ள வேலை எது? ஆனால் பெயர் சொல்லி எழுதப்படாததால் ஒவ்வொரு விதவையும் தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்கச் சோதனை வேண்டும், சோதனைக்கு ஆய்வு வேண்டும், ஆய்வில் கட்டம் வேண்டும். நான் அந்தக் கட்டத்துக்காக ஏன் மல்லுக்கட்டுகிறேன் என்று பேராசிரியருக்கு இப்போது புரியலாம்.

ஊசியும் கதவும்

தடுப்பூசி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் இ நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. நேபாள ராணுவத்தைச் சேர்ந்த 2,000 பேரிடம் ஒரு தடுப்பூசியைச் சோதித்து, 95 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது என்று 2007இல் அறிவித்தார்கள். பிறகு அது சந்தைக்கே வரவில்லை. ஏழை நாட்டுச் சிப்பாயின் கை ஊசி போட்டுப் பார்க்கப் பயன்பட்டது, ஊசி விற்கும் அளவுக்கு அவர் பையில் காசு இல்லை. வேறொரு தடுப்பூசிக்குச் சீனா 2011இல் அனுமதி கொடுத்தது. 2022இல் தெற்கு சூடானின் பெந்தியூ முகாமில் நோய் பரவியபோது அதைப் போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் போட்டார்கள். நம் நாட்டுப் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எளிதாகக் கிடைப்பது, மூன்று தவணை. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவக் கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் அதே சிரிஞ்சு வீட்டுக் குப்பையோடு தெருவுக்கு வந்து ஒரு தூய்மைப் பணியாளரின் விரலில் குத்தும்போது அந்த விதி அவர் பக்கம் திரும்புவதில்லை. மருத்துவமனை மதிலுக்கு உள்ளே ஊசி ஆபத்தானது, மதிலுக்கு வெளியே அது வெறும் குப்பை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி கேட்பது, மனிதரைக் குழிக்குள் இறக்க லைசென்ஸ் கொடுப்பது அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, அந்தத் தடை முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். ஊசி போட்ட மனிதரும் குழிக்குள் இருந்தால் அது அவமானம்தான். ஆனால் குழி மூடும் வரை அவர் கல்லீரல் காத்திருக்காது.

இன்னொரு தொழிலாளி அண்ணன் சொன்னதும் என் மேலேயே வைத்த குற்றச்சாட்டுதான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு கேம்ப் போட்டாங்க தம்பி. எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க, பிஸ்கட் பாக்கெட் குடுத்தாங்க. அப்புறம் யாரும் வரல. என் ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது." நான் ரத்தம் எடுக்க வரவில்லை அண்ணே என்றேன். "சரி, நீங்க கதை எடுக்க வந்திருக்கீங்க" என்றார்.

பி வைரஸைக் கண்டறியும் தடயம் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்த மாதிரியில்தான் கிடைத்தது. அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஆய்வுக்காகப் பரூக் ப்ளம்பெர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். ஒடுக்கப்பட்டவரின் ரத்தம் அறிவியலுக்கு எப்போதும் வேண்டியிருக்கிறது. அந்த அறிவியல் திரும்பி வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

எனவே கேட்பவை இவை. கழிவுநீர், மலக்குழி, குப்பை வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, ஆண்டுதோறும் கல்லீரல் சோதனை. முடிவு முதலில் அவர் கையில், அவருக்குப் புரியும் மொழியில். அனைவருக்கும் பி தடுப்பூசி உடனே, இ தடுப்பூசியைக் கொண்டுவர அரசு முயற்சி. இந்த வேலையில் இருப்பவருக்கு வைரஸால் கல்லீரல் அழற்சி வந்தால் அது தொழில்சார் நோய்தான் என்று அட்டவணையில் பெயர் சொல்லி எழுத வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையதாக இருக்க வேண்டும். பொதுநல ஆய்வுகளின் சமூக அளவுகோலில் நகரத்துக்கும் சாதிக் கட்டம் வேண்டும். தனி நபர் அடையாளம் வெளியாகாத பாதுகாப்போடு, தொழிலாளர் சங்கங்களின் மேற்பார்வையோடு.

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாள். ப்ளம்பெர்க்கின் பிறந்தநாள் அது. 2018இல் நம் நாட்டின் தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தையும் அதே நாளில்தான் தொடங்கினார்கள். பூப் சிங் சுடப்பட்டது ஜூலை 31. இடையில் மூன்றே நாள். வரும் ஆண்டு மருத்துவக் கல்லூரிகள் 28ஆம் தேதி நடத்தும் ஊர்வலத்தையும் சுவரொட்டிப் போட்டியையும் நடத்தட்டும். 31ஆம் தேதி துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஊசியோடும் சோதனை முடிவோடும் வரட்டும். வந்து, அங்கிருப்பவர்களின் கண்ணை ஒருமுறை நேராகப் பார்க்கட்டும்.

என் வினாநிரலில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. எடுக்கமாட்டேன்.